கோளக் கொத்துகளின் நகர்வை வைத்துப் பால்வீதியின் பூர்வீகத்தைப் படிப்பது எப்படி?

பால்வீதி இன்றைய அளவுக்கு ஒரேயடியாக வளர்ந்துவிடவில்லை. தன்னைவிடச் சிறிய கேலக்ஸிகளை இழுத்து, கிழித்து, தனக்குள் சேர்த்துக்கொண்டே வளர்ந்தது. அப்படிச் சேர்ந்த கேலக்ஸிகளில் பெரும்பாலானவை இன்று தனியாகத் தெரிவதில்லை. அவற்றின் விண்மீன்கள் வானம் முழுக்கச் சிதறிக் கலந்துவிட்டன. ஆனால் அவற்றோடு வந்த கோளக் கொத்துகளில், அதாவது உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்களில், பல உடையாமல் இருக்கின்றன. சர்க்கரைப் பொங்கலில் வெல்லம் கரைந்து எங்கும் பரவிவிடும், முந்திரி மட்டும் முழுசாகக் கிடக்கும். அந்த முந்திரிகளைத்தான் நாம் தேடப்போகிறோம்.

ஒரு கொத்து இங்கேயே பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று அதன் நகர்வைக் கொண்டு எப்படிக் கண்டறிவது என்பதைப் புதிதாக வருபவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு, பள்ளி அளவு இயற்பியல், கொஞ்சம் பைத்தான் நிரலாக்கம் போதும். தொலைநோக்கி தேவையில்லை. தரவு எல்லாமே பொதுவில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகர்வு மிக நல்ல சாட்சி. ஆனால் அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. கொத்தின் வயதையும் உலோகச் செறிவையும் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்களின் அளவையும்) பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் "இது வெளியிலிருந்து வந்தது" என்று எழுதப்பட்ட முடிவுகளில் சில பிறகு மாற்ற வேண்டியவையாகிவிட்டன. அதனால் கடைசிப் படிகளைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

எந்தக் கொத்துகள்?

கொத்துகளில் இரண்டு வகை. கார்த்திகை போன்ற திறந்த கொத்துகள் இளையவை. பால்வீதியின் தட்டுக்குள்ளேயே பிறந்து, பெரும்பாலும் அங்கேயே கலைந்துபோகிறவை. பால்வீதி எவற்றை விழுங்கியது என்ற கேள்விக்கு அவை உதவாது. நமக்கு வேண்டியவை கோளக் கொத்துகள். பத்தாயிரக்கணக்கிலிருந்து பல லட்சம் வரை விண்மீன்கள் தம் ஈர்ப்பினால் உருண்டையாகத் திரண்டு நிற்பவை. பெரும்பாலானவற்றின் வயது 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். பால்வீதியில் இதுவரை தெரிந்தவை ஏறக்குறைய 170.

1918-இல் ஹார்லோ ஷாப்லி இந்தக் கொத்துகள் வானத்தில் ஒரு பக்கமாக, தனுசு ராசிப் பக்கம் குவிந்திருப்பதை வைத்து, சூரியன் பால்வீதியின் மையத்தில் இல்லை என்று காட்டினார். அது இருப்பிடத்தை மட்டும் வைத்துச் செய்த வேலை. 1978-இல் லியோனார்ட் சியர்ல், ராபர்ட் சின் இருவரும் கொத்துகளின் உலோகச் செறிவை ஆராய்ந்து, பால்வீதியின் வெளிப்பகுதி சிறுசிறு துண்டுகள் சேர்ந்து உருவாகியிருக்க வேண்டும் என்றார்கள். நகர்வு அவர்களுக்கும் சரியாகக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம். 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, 2025 ஜனவரி வரை அளந்தது. 2018 ஏப்ரலில் வந்த அதன் இரண்டாவது தரவு வெளியீடுதான் இந்தத் துறையைத் தலைகீழாகப் புரட்டியது. நீங்கள் பயன்படுத்த வேண்டியது 2022 ஜூன் மாதம் வந்த மூன்றாவது வெளியீடு. அதில் சுமார் 180 கோடி விண்மீன்கள் இருக்கின்றன.

பயிற்சிக்கு இரண்டு கொத்துகளை எடுத்துக்கொள்வோம்: 47 டுகானே, என்ஜிசி 362. தென்வானத்தில் இரண்டுக்கும் இடையே மூன்று பாகைக்குச் சற்று மேல்தான் இடைவெளி. பார்வைக்கு அண்டை வீட்டுக்காரர்கள். வரலாறோ வேறு வேறு. எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதல் படி: கொத்தின் விண்மீன்களைப் பிரித்தெடுங்கள்

கையாவின் இணையக் காப்பகத்துக்குப் போய், 47 டுகானேயின் மையத்தைச் சுற்றி அரைப் பாகைக்குள் உள்ள விண்மீன்களைக் கேளுங்கள். பதிவிறக்கியதை டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் திறந்து, வலஏற்றத் (வானத்தின் கிழக்கு-மேற்கு) திசை நகர்வை ஒரு அச்சிலும் நடுவரை விலக்கத் (வடக்கு-தெற்கு) திசை நகர்வை மற்றொரு அச்சிலும் வைத்து வரையுங்கள். படத்தைப் பார்த்ததும் புரியும். பரவலாகச் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் நம் பால்வீதியின் சாதாரண விண்மீன்கள். நடுவே ஓர் அடர்த்தியான திட்டு தெரியும். வலஏற்றத்தில் ஆண்டுக்கு சுமார் 5.25 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு), மற்றதில் சுமார் −2.5. அதுதான் கொத்து. ஒரே ஈர்ப்புக்குள் கட்டுண்டவை என்பதால் அத்தனை விண்மீன்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நகர்கின்றன.

இன்னொரு திட்டும் தெரியும், சுழியத்துக்கு அருகே. அதைப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அது சிறிய மெகல்லன் மேகம். சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் தனி கேலக்ஸி, தற்செயலாக அதே திசையில் பின்னணியில் நிற்கிறது. ரொம்பத் தொலைவில் இருப்பதால் அதன் நகர்வு நமக்குச் சிறியதாகத் தெரிகிறது. 47 டுகானேயை முதல் பயிற்சிக்குப் பரிந்துரைப்பதற்கு இதுவே ஒரு காரணம். நகர்வு என்ற ஒரே அளவை வைத்து, ஒரே திசையில் நிற்கும் மூன்று விதமான கூட்டங்களைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

இங்கே சில எச்சரிக்கைகள். காப்பகத்தில் உள்ள வலஏற்ற நகர்வில் நடுவரை விலக்கத்தின் கொசைன் ஏற்கனவே பெருக்கப்பட்டிருக்கிறது. மறுபடி பெருக்கினால் கணக்கு கெட்டுவிடும். ருவே என்ற தர எண் 1.4-க்கு மேல் இருக்கும் விண்மீன்களைத் தள்ளிவிடுங்கள். கொத்தின் நெரிசலான நடுப்பகுதியில் அளவீடு நம்பகமாக இருக்காது. சற்று வெளியே உள்ளவற்றை எடுப்பது நல்லது. நிறம்-ஒளிர்வு வரைபடத்தையும் போட்டு, கொத்தின் வளைகோட்டில் சரியாக உட்காராதவற்றை நீக்குங்கள்.

அப்புறம், ஆயிரக்கணக்கான விண்மீன்களைச் சராசரி எடுத்தால் பிழை ஏறக்குறைய இல்லாமல் போய்விடும் என்று தோன்றும். போகாது. கையாவின் நகர்வு அளவீட்டில், வானத்தில் அருகருகே உள்ள விண்மீன்களை ஒரே பக்கம் இழுக்கும் முறைசார் பிழை ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு சுமார் 0.025 மில்லி ஆர்க்செகண்ட். எத்தனை விண்மீன்களைச் சேர்த்தாலும் அது அப்படியே நிற்கும்.

இரண்டாம் படி: ஆறு எண்களைச் சேருங்கள்

ஒரு கொத்தின் பாதையைக் கணக்கிட ஆறு எண்கள் வேண்டும். வானத்தில் இருப்பிடம் இரண்டு, தொலைவு ஒன்று, வானத்தின் குறுக்கே நகர்வு இரண்டு, நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் ஆரைத் திசைவேகம் ஒன்று. இருப்பிடம் எளிது, குறுக்கு நகர்வு இப்போதே கிடைத்துவிட்டது. ஆரைத் திசைவேகம் நிறமாலையில் கோடுகள் இடம்பெயர்வதிலிருந்து வருகிறது: 47 டுகானேக்கு நொடிக்கு −17 கிலோமீட்டர், என்ஜிசி 362-க்கு +223.

தொல்லை தருவது தொலைவுதான். இடமாறு தோற்றத்திலிருந்து (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் அளவிலிருந்து) நேராக எடுத்துவிடலாமே என்று புதியவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். என்ஜிசி 362-இன் இடமாறு தோற்றம் சுமார் 0.11 மில்லி ஆர்க்செகண்ட். கையாவின் முறைசார் பிழையே அதில் 0.01 அளவுக்கு இருக்கும். அதாவது தொலைவில் பத்து சதவீதம் வரை சந்தேகம். அதனால் ஹோல்கர் பவும்கார்ட் பராமரிக்கும் பொதுப் பட்டியலிலிருந்து எடுங்கள். அவரும் யூஜின் வாசிலியேவும் 2021-இல் பல வழிகளில் கிடைத்த தொலைவுகளை ஒன்றுசேர்த்துத் தந்திருக்கிறார்கள். 47 டுகானே 4.5 கிலோபார்செக், என்ஜிசி 362 8.8 கிலோபார்செக். ஒரு கிலோபார்செக் என்பது சுமார் 3,260 ஒளியாண்டு.

இனி குறுக்கு வேகத்தைக் கையாலேயே கணக்கிடலாம். ஆண்டுக்கான நகர்வை மில்லி ஆர்க்செகண்டிலும் தொலைவைக் கிலோபார்செக்கிலும் எடுத்துப் பெருக்கி, 4.74 ஆல் மறுபடி பெருக்கினால் நொடிக்குக் கிலோமீட்டர் வரும். 47 டுகானேயின் மொத்த நகர்வு 5.84, வேகம் ஏறக்குறைய 125. என்ஜிசி 362-இன் நகர்வு 7.16; வேகம் ஏறக்குறைய 300. வானத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நகர்வதாகத் தெரிந்தது. தொலைவு வந்து சேர்ந்ததும் இரண்டும் பிரிந்துவிட்டன, பாருங்கள்.

மூன்றாம் படி: சூரியனின் நகர்வைக் கழியுங்கள்

மேலே கிடைத்த வேகம் நம்மைப் பொறுத்த வேகம். நாமோ பால்வீதியின் மையத்தை நொடிக்கு 245 கிலோமீட்டர் அளவில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அதைக் கழித்து, மையத்தை ஆதாரமாகக் கொண்ட அச்சுகளுக்கு மாற்ற வேண்டும். ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பு இதைச் சில வரிகளில் செய்துவிடும். அதன் இன்றைய இயல்புநிலை மதிப்புகள்: சூரியனிலிருந்து மையத்துக்கு 8.122 கிலோபார்செக், சுற்றும் திசையில் சூரியனின் வேகம் நொடிக்கு 245.6 கிலோமீட்டர். எந்த மதிப்பை எடுத்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வேறு வேறு மதிப்புகளோடு செய்த கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் வேலை.

இன்னொரு பொறி இங்கே இருக்கிறது, நன்றாகக் கவனியுங்கள். ஆஸ்ட்ரோபையில் சூரியன் எக்ஸ் அச்சின் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. அதனால் தட்டோடு சேர்ந்து சுற்றும் எல்லாவற்றுக்கும் கோண உந்தத்தின் செங்குத்துக் கூறு எதிர்க்குறியோடு வரும். சூரியனுக்கே சுமார் −2,000 என்று வரும். கால்பை என்ற தொகுப்பில் அதே சூரியனுக்கு நேர்க்குறி. இதைப் பார்க்காமல் விட்டால், தட்டோடு ஒழுங்காகச் சுற்றும் கொத்து எதிர்த்திசையில் ஓடுவதாக முடிவு கட்டிவிடுவீர்கள். எதிர்த்திசை ஓட்டம் என்பது வெளியிலிருந்து வந்ததற்கான பலமான அறிகுறி என்பதால் முடிவே தலைகீழாகிவிடும். எந்தக் கொத்தைத் தொடுவதற்கு முன்னும் சூரியனைப் போட்டுக் குறி என்ன வருகிறது என்று பாருங்கள்.

நான்காம் படி: பாதையை ஓட்டிப் பாருங்கள்

பால்வீதியின் ஈர்ப்புக்கு ஒரு மாதிரி வேண்டும்: மையப் புடைப்பு, தட்டு, இரண்டையும் சூழ்ந்த கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) மூன்றும் சேர்ந்தது. கால்பை, அகாமா இரண்டிலும் ஆயத்த மாதிரிகள் இருக்கின்றன. அதில் கொத்தை வைத்துக் காலத்தில் பின்னோக்கிச் சில நூறு கோடி ஆண்டுகள் ஓட்டுங்கள்.

47 டுகானே மையத்திலிருந்து சுமார் 5.5 முதல் 7.5 கிலோபார்செக் வரையிலான இடைவெளிக்குள், தட்டுக்கு மேலும் கீழும் கொஞ்சம் எழுந்து இறங்கியபடி, தட்டு சுற்றும் திசையிலேயே சுற்றுகிறது. என்ஜிசி 362-இன் பாதையோ நீண்டு மெலிந்தது. மையத்துக்கு ஒரு கிலோபார்செக் அளவுக்கு நெருங்கி விழுந்து, மறுபடி 12 கிலோபார்செக் வரை வெளியே போகிறது. சுற்றுகிறது என்பதைவிட விழுந்து விழுந்து எழுகிறது என்று சொல்லலாம். இப்படி ஒரு பாதை, தட்டுக்குள் அமைதியாகப் பிறந்த ஒன்றுக்கு எளிதில் அமையாது.

ஒரே ஒரு பாதையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறு எண்களையும் அவற்றின் பிழை எல்லைக்குள் தற்செயலாக மாற்றி மாற்றி, ஆயிரம் முறை ஓட்டுங்கள். கணினிக்கு இது சில நிமிட வேலை. ஆயிரம் பாதைகளும் ஒரே மாதிரி வந்தால் நம்பலாம். மையத்தை நெருங்கும் தூரம் மட்டும் அலைபாய்ந்தால் அதை அப்படியே எழுதுங்கள்.

பாதையைப் பின்னோக்கி 1,000 கோடி ஆண்டு ஓட்டி, "கொத்து புறப்பட்ட இடம் இதோ" என்று காட்ட முடியாது. அவ்வளவு காலத்தில் பால்வீதியின் நிறையே மாறியிருக்கிறது. மாதிரியில் அது மாறாமல் நிற்கிறது. பெரிய மெகல்லன் மேகமும் இருக்கிறது. பால்வீதியின் நிறையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கொண்ட அது இப்போதுதான் அருகே வந்து எல்லாவற்றையும் அசைத்துக்கொண்டிருக்கிறது. வெளிப்புறக் கொத்துகளுக்கு அதையும் மாதிரியில் சேர்த்தாக வேண்டும்.

ஐந்தாம் படி: மாறாத அளவுகளுக்குப் போங்கள்

கொத்து இன்று எங்கே நிற்கிறது என்பது தற்செயல். ஒன்றாக வந்த கொத்துகள்கூட இன்று வானத்தின் எதிரெதிர் மூலைகளில் நிற்கலாம். ஆனால் அவற்றின் ஆற்றலும், கோண உந்தத்தின் செங்குத்துக் கூறும் மெதுவாகத்தான் மாறும். அச்சைச் சுற்றிச் சமச்சீரான, காலத்தால் மாறாத ஈர்ப்பில் அவை மாறவே மாறா. அதனால் கிடையாகக் கோண உந்தம், செங்குத்தாக ஆற்றல் என்று ஒரு வரைபடம் போட்டு, 170 கொத்துகளையும் அதில் குறியுங்கள். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் போடுவது இந்தப் படம்தான்.

2019-இல் டாவிடே மஸ்ஸாரி, ஹெல்மர் கோப்பல்மன், அமினா ஹெல்மி மூவரும் 151 கொத்துகளை இப்படிப் பிரித்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் இங்கேயே பிறந்தவை. 35 சதவீதம், தெரிந்த இணைப்பு நிகழ்வுகளோடு சேரக்கூடியவை. அவற்றில் பெரிய பங்கு, மொத்தக் கொத்துகளில் 19 சதவீதம், கையா-என்செலடஸ் என்ற விழுங்கப்பட்ட கேலக்ஸிக்கு. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதியோடு மோதிய இது 2018-இல் கண்டறியப்பட்டது. அப்போதைய பால்வீதியின் நிறையில் நாலில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று அமினா ஹெல்மி குழு மதிப்பிட்டது. அதன் விண்மீன்கள் மையத்தை நோக்கி நேராக விழுந்து எழும் பாதையில் ஓடுகின்றன. என்ஜிசி 362 விழுவதும் அந்தக் கூட்டத்துக்குள்தான்.

இந்தப் படம் அழகானது, அதனாலேயே ஆபத்தானது. பெரிய கேலக்ஸி ஒன்று உள்ளே விழும்போது உராய்வுபோல ஒரு ஈர்ப்பு விளைவு அதை மெதுவாக்கி உள்ளே இழுக்கும். வழியில் முதலில் உதிர்ந்த கொத்து அதிக ஆற்றலோடும், கடைசியில் உதிர்ந்தது குறைந்த ஆற்றலோடும் நின்றுவிடும். ஒரே தாயின் பிள்ளைகள் படத்தில் சிதறிப்போகிறார்கள். வேறு வேறு தாய்களின் பிள்ளைகள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இங்கேயே பிறந்த கொத்துகளும் மோதலில் பாதை குலைந்து, வந்தவர்களோடு கலந்துவிடுகின்றன. கணினி உருவகப்படுத்தல்களில் இதைச் சோதித்த 2023-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இந்தப் படத்தில் உள்ள திட்டுகளை வைத்து மட்டும் இணைப்பு வரலாற்றைப் படிக்க முடியாது என்றே முடிவு சொன்னது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். வண்ணமிட்ட வட்டங்களைப் படத்தில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது.

ஆறாம் படி: வயதையும் உலோகத்தையும் பக்கத்தில் வையுங்கள்

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாமே உலோகம்தான். விண்மீன்கள் வெடித்து வெடித்துத்தான் உலோகம் சேர்கிறது. பெரிய கேலக்ஸியில் விண்மீன்கள் வேகமாகப் பிறக்கும், வெடித்துச் சிதறும் வாயுவை அதன் ஈர்ப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் உலோகம் சீக்கிரம் ஏறும். சிறிய கேலக்ஸியில் எல்லாம் மெதுவாக நடக்கும், வாயுவும் தப்பி ஓடிவிடும். ஆக, ஒரே வயதுள்ள இரண்டு கொத்துகளில் உலோகம் குறைந்தது சிறிய வீட்டில் பிறந்தது என்று ஊகிக்கலாம்.

நம் இரண்டு கொத்துகளுக்கு வருவோம். 47 டுகானேயில் இரும்பு சூரியனில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. என்ஜிசி 362-இல் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அப்படியென்றால் என்ஜிசி 362 தான் மூத்ததாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. விண்மீன் வளர்ச்சி மாதிரிகளை வைத்துக் கணக்கிட்ட வயதில் என்ஜிசி 362 ஏறக்குறைய 100 கோடி ஆண்டு இளையது. பிறகு பிறந்தும் உலோகம் குறைவு. ஒரே கேலக்ஸியில் இரண்டும் பிறந்திருந்தால் இது நடக்காது. ஒன்று வேகமாக வளர்ந்த பால்வீதியில் பிறந்தது, மற்றது மெதுவாக வளர்ந்த வேறொரு கேலக்ஸியில் பிறந்தது. பாதை சொன்னதும் இதுவே. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகும்போது நம்பிக்கையோடு எழுதலாம்.

எல்லாக் கொத்துகளையும் வயதுக்கு எதிராக உலோகச் செறிவு என்று வரைந்தால் இரண்டு கிளைகள் பிரிவது தெரியும். 2009, 2010 ஆண்டுகளிலேயே, கையா பறப்பதற்கு முன்பே, ஹப்பிள் தொலைநோக்கியின் தரவில் இது தெரிந்துவிட்டது. உலோகம் மிகக் குறைந்த, மிக மூத்த கொத்துகளில் மட்டும் இரண்டு கிளைகளும் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே இந்த வழி உதவாது.

இதற்கு மேல் போக விரும்பினால் தனிமங்களின் விகிதங்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும்: அலுமினியம், சோடியம் இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். கோளக் கொத்துகளுக்குள் விண்மீனுக்கு விண்மீன் அவை மாறுபடும், கொத்தின் பிறப்பிடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சண்டை தீராத இடங்கள்

ஆற்றல் மிகக் குறைந்த, மையத்தருகே சுழலும் கொத்துகள் சில இருக்கின்றன. மஸ்ஸாரி குழு அவற்றைத் தனிக் குழுவாக வைத்தது. டீடெரிக் குரௌசன் குழுவோ, அவை கிராக்கன் என்ற பழைய கேலக்ஸியோடு வந்தவை என்றது. வசிலி பெலோகுரோவ், ஆண்ட்ரே கிராவ்சோவ் இருவரும் அவை பெரும்பாலும் இங்கேயே, பால்வீதியின் இளமைக் காலத்தில் பிறந்தவை என்கிறார்கள். ஒரே கொத்துகள், ஒரே தரவு. பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஒமேகா சென்டாரி இன்னொரு புதிர். பால்வீதியின் மிகப் பெரிய கோளக் கொத்து, தட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் விண்மீன்களின் உலோகச் செறிவு ஒன்றுபோல் இல்லை. விழுங்கப்பட்ட ஒரு கேலக்ஸியின் நடுக்கருவாக அது இருக்கக்கூடும் என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். எந்தக் கேலக்ஸி? கையா-என்செலடஸ் என்பவர்களும் உண்டு, விழுங்கப்பட்ட இன்னொரு கேலக்ஸியான செக்கோயா என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி: ஏப்ரல், மே மாத இரவுகளில் இது தெற்கு வானில் நன்றாக எழும். சென்னையிலிருந்தே முப்பது பாகை உயரத்துக்கு வரும். நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் வெறும் கண்ணுக்கு மங்கலான புள்ளியாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் பஞ்சுபோல விரியும்.

அடுத்து என்ன செய்து பார்க்கலாம்

விடை தெரிந்த கணக்கோடு தொடங்குங்கள். 1994-இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுங்கேலக்ஸியை பால்வீதி இப்போதுதான் கிழித்துக்கொண்டிருக்கிறது. அதன் நடுவில் எம் 54 என்ற கோளக் கொத்து உட்கார்ந்திருக்கிறது. டெர்சான் 7, டெர்சான் 8, ஆர்ப் 2, பாலோமார் 12, விட்டிங் 1 ஆகியவையும் அதன் பிள்ளைகள்தான். இந்த ஆறுக்கும் மேலே சொன்ன படிகளைச் செய்து, ஆற்றலும் கோண உந்தமும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். இணைப்பு இன்னும் முடியாததால் இவை சிதறவில்லை. பிறகு என்ஜிசி 1851, என்ஜிசி 2808, எம் 79 என்று கையா-என்செலடஸ் கொத்துகளுக்குப் போனால் சிதறல் எவ்வளவு கூடுகிறது என்பது உங்கள் படத்திலேயே தெரியும்.

ஒரு குழுவை ஓரளவு உறுதியாகப் பிரித்துவிட்டால், விழுங்கப்பட்ட கேலக்ஸியின் எடையையும் தோராயமாகப் போடலாம். கரும்பொருளையும் சேர்த்து, சுமார் 500 கோடி சூரிய நிறைக்கு ஒரு கோளக் கொத்து என்ற விகிதம் பெரிய கேலக்ஸிகளில் நன்றாகப் பொருந்துகிறது. இருபது கொத்துகள் என்றால் சுமார் 10,000 கோடி சூரிய நிறை. கொத்துகள் நாலைந்து மட்டும் இருக்கும் குழுக்களில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ விடை பெரிதாக மாறிவிடும்.

பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவில் இதையே செய்ய ஆசை வரும். அவ்வளவு தொலைவில் உள்ள கொத்துகளுக்குக் குறுக்கு நகர்வு கிடைக்காது, ஆரைத் திசைவேகம் மட்டும்தான். இருந்தும் டூகல் மெக்கி குழு 2019-இல் அதன் வெளிப்புறக் கொத்துகளை எடுத்து, அவை ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சுற்றும் இரண்டு கூட்டங்கள் என்று காட்டியது. இரண்டு வேறு காலங்களில் நடந்த விழுங்கல்களின் மிச்சம். ஆறு எண்களில் மூன்று மட்டுமே நல்ல துல்லியத்தோடு கையில் இருந்தபோது கிடைத்த முடிவு அது. பால்வீதிக்கு நம்மிடம் ஆறும் இருக்கின்றன. கையாவின் நான்காவது தரவு வெளியீடு வரும்போது நகர்வு அளவுகள் இன்னும் கூர்மையாகும். அதற்குள் 47 டுகானேயையும் என்ஜிசி 362-ஐயும் முடித்து வைத்துவிடுங்கள். அதே நிரலில் புதிய எண்களைப் போட்டு ஓட்டினால் போதும்.